மரமஞ்சள்: கசப்பின் பயனும் அதன் எல்லையும்

அவிசாவளையிலிருந்து கேகாலைக்குச் செல்லும் வீதியிலே, களனி கங்கையின் கிளையாகிய குருகொட ஓயாவை அண்டி ருவான்வெல்லை என்னும் ஊர் அமைந்திருக்கிறது. சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். அவற்றின் அடிவாரங்களில் வயல்கள். வீட்டு வளவுகளில் கமுகும் கித்துளும் பலாவும். மழை மிகுந்த இப்பகுதியிலே தடிமனும் காய்ச்சலும் அழையாமல் வரும் விருந்தாளிகள். தோட்டத்து லயத்திலாயினும், அயலிலுள்ள சிங்களக் கிராமத்து வீட்டிலாயினும், ஒருவருக்கு உடம்பு சுடத் தொடங்கியதும் அடுப்பில் ஏறும் சட்டியிலே கொத்தமல்லியோடு மஞ்சள் நிறமான கட்டைத் துண்டொன்றும் இடப்படுவது வழக்கம். சிங்களத்தில் வெனிவெல் என்றும், தமிழில் மரமஞ்சள் என்றும் வழங்கும் காட்டுக் கொடியின் காய்ந்த தண்டே அது.

அதன் கசப்பைச் சுவைத்தவர் எளிதில் மறக்கமாட்டார். "மருந்து என்றாற் கசக்கத்தானே வேண்டும்" என்று கூறிப் பிள்ளைகளின் வாயிற் கருப்பட்டித் துண்டொன்றை வைத்துக் கஷாயத்தைக் குடிப்பிக்கும் பாட்டிமார் இன்றும் உள்ளனர். ஆனால் அக்கசப்பு எந்த நோய்க்கு உதவும், எந்த நோய்க்கு உதவாது என்று நாம் ஆராய்ந்து பார்ப்பதுண்டா? சப்பிரகமுவ மாகாணத்தில் வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று. காய்ச்சலாற் பெருந்துயர் கண்ட மண் இது. அதனாலேயே இக்கொடியின் வரலாற்றைச் சற்று விரிவாக அறிந்துகொள்ளுதல் நன்று.

கொடியின் தோற்றம்

மரமஞ்சள், நம்மவர் நன்கறிந்த சீந்திற் கொடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மழைக்காட்டின் நிழலிலே முளைத்து, அருகிலுள்ள மரத்தைப் பற்றி ஏறி, உச்சியிலே வெயிலைத் தேடிப் படரும். இலைகள் அகன்று இதய வடிவாக இருக்கும். அவற்றின் அடிப்புறம் வெளிறித் தோன்றும். முதிர்ந்த தண்டு கட்டையைப்போல் உறுதியாகிவிடும். அதனைக் குறுக்கே அறுத்தால் வண்டிச் சில்லின் ஆரக்கால்களைப்போல நடுவிலிருந்து வெளியே பரவும் கோடுகளைக் காணலாம். அந்த ஆரக்கால் அமைப்பும், ஆழ்ந்த மஞ்சள் நிறமும், நாவிற் பட்டதும் தெரியும் கசப்பும் ஆகிய மூன்றுமே நல்ல சரக்கை அறிதற்குரிய அடையாளங்கள்.

இக்கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் கொடியிற் காய் தோன்றுவதில்லை. பெண் கொடி காய்க்க வேண்டுமாயின் அயலிலே ஆண் கொடியொன்று நிற்றல் வேண்டும். இச்சிறு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக. கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் வேண்டப்படும்.

இலங்கையின் ஈரவலயத் தாழ்நாட்டுக் காடுகளிலே, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை, காலி மாவட்டங்களில் இக்கொடி வளர்கிறது. தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும், தாய்லாந்து, வியட்நாம் முதலிய நாடுகளிலும் இது உண்டு.

பெயர் தந்த மயக்கம்

மரமஞ்சள் என்ற பெயரைக் கேட்போர் அதனைக் கறிக்கு அரைக்கும் மஞ்சளின் இனம் என்று எண்ணிவிடுதல் கூடும். இரண்டுக்கும் நிறத்தைத் தவிர வேறு உறவில்லை. கறிமஞ்சள் இஞ்சியின் இனத்தது. மண்ணுக்குள் விளையும் கிழங்கு. மரமஞ்சள் மரம் ஏறும் கொடியின் தண்டு. இரண்டின் நிறத்துக்கும் காரணமான பொருள்களும் வெவ்வேறானவை.

வடமொழி வைத்திய நூல்கள் கூறும் தாருஹரித்திரா என்னும் பெயருக்கும் மரமஞ்சள் என்பதே பொருள். ஆயினும் வட இந்திய வைத்தியர்கள் அப்பெயராற் குறிப்பது இமயமலைச் சாரலில் வளரும் முட்செடி ஒன்றையாகும். அச்செடி கிடைக்காத தென்னாட்டிலும் இலங்கையிலும் வைத்தியர்கள் இக்கொடியை அதன் இடத்தில் வைத்துப் பயன்படுத்தினார்கள். வியப்பு யாதெனின், தாவரக் குடும்பத்தால் வேறுபட்ட இவ்விரண்டிலும் உள்ள முதன்மையான மருந்துச் சத்து ஒன்றே. இரசாயன சாலை தோன்றுவதற்கு முன்பே, நிறத்தையும் சுவையையும் மட்டுமே துணையாகக் கொண்டு நம் முன்னோர் இவ்வொற்றுமையைக் கண்டுகொண்டனர்.

ஐரோப்பியரிடையே இதைவிடப் பெரிய மயக்கமொன்று நிகழ்ந்தது. கிழக்கு ஆபிரிக்காவில் விளையும் கலும்பா என்னும் கசப்பு வேரை அவர்கள் வயிற்று மருந்தாகப் பெரிதும் மதித்தார்கள். அப்பெயரின் ஒலியைக் கேட்டவர்கள் அது கொழும்பிலிருந்து வரும் வேராக்கும் என்று எண்ணினர். அதன் விளைவாக, இலங்கையின் மரமஞ்சளும் கலும்பாவுக்குப் பதிலாக ஐரோப்பிய மருந்துக் கடைகளுக்குச் சென்று, பின்னர் பொய்க் கலும்பா என்ற பெயரைச் சுமந்தது. தான் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்த கொடி என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

தாவரவியல் உலகுக்கு இக்கொடியை முதலில் அறிமுகப்படுத்தியவர் ஜெர்மானிய அறிஞராகிய கேர்ட்னர். கனிகளையும் விதைகளையும் பற்றி அவர் 1788இல் வெளியிட்ட நூலில் இது இடம்பெற்றது. இன்று வழங்கும் கொசினியம் பெனஸ்திராத்தும் என்னும் அறிவியற் பெயரில் முதற் சொல் அரிப்பையும், இரண்டாவது சொல் பலகணியையும் குறிப்பன.

அடுப்படியிலும் வைத்தியசாலையிலும்

சிங்கள மக்களிடையே பஸ்பங்குவ என ஒரு கஷாயச் சரக்கு உண்டு. ஐந்து பங்கு என்பது அதன் பொருள். கொத்தமல்லி, வேர்க்கொம்பு, கண்டங்கத்தரி, பற்படாகம், மரமஞ்சள் ஆகிய ஐந்தும் சேர்ந்தது அது. சிறு பொதிகளாகக் கட்டி இன்றும் கடைகளில் விற்கிறார்கள். தமிழகத்து மாவட்டங்களிலிருந்து தோட்டங்களுக்கு வந்த குடும்பங்கள் சுக்கு, மிளகு, திப்பிலி என்று தம்முடன் கொண்டுவந்த கைமருந்து அறிவோடு, அயலவரின் இவ்வழக்கத்தையும் ஏற்றுக்கொண்டன. கிராமத்து வெத மாத்தயாவிடம் மருந்துக்குச் செல்லும்போது மொழி வேற்றுமை தடையாக நின்றதில்லை.

நாட்டு வைத்திய முறைப்படி கஷாயம் என்பது, சரக்கை இடித்துப் போட்டு, எட்டுப் பங்கு நீர் ஒரு பங்காக வற்றும்வரை சிறு தீயிற் காய்ச்சி வடித்து எடுப்பது. மரமஞ்சளைக் காய்ச்சலுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் கஷாயமாகக் கொடுப்பர். அதனை அவித்த நீராற் புண்களையும் சிரங்கையும் கழுவுவர். வெட்டுக் காயம் பட்டவருக்கு ஏற்புவலி வாராதிருத்தற்பொருட்டு அக்கஷாயத்தைக் குடிப்பிக்கும் வழக்கமும் இலங்கையில் நெடுங்காலமாக உண்டு. துணிக்கு மஞ்சட் சாயம் ஏற்றவும் இக்கட்டை பயன்பட்டது. இக்காலத்திலே முகப்பூச்சிலும் சவர்க்காரத்திலும்கூட இது சேர்க்கப்படுகிறது.

இப்பயன்கள் யாவும் வெறும் நம்பிக்கையோ என்று ஐயுறுவோருக்கு இரசாயனம் ஒரு விடை தருகிறது. மரமஞ்சளின் நிறத்துக்கும் கசப்புக்கும் பெரிதும் காரணமாக இருப்பது பேர்பரின் என்னும் சத்து. நோய் விளைக்கும் நுண்ணுயிர்கள் சிலவற்றின் வளர்ச்சியை அது தடுப்பதை ஆய்வுகூடங்களிலே கண்டிருக்கிறார்கள். வயிற்றுப்போக்கிலும் அதனைக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே புண் கழுவவும் வயிற்றுக் கோளாறுக்குக் கொடுக்கவும் இதனைத் தேர்ந்த முன்னோர், காரணமின்றித் தேர்ந்தனர் என்று கூறுதல் இயலாது. ஆயினும் கண்ணாடிக் குழாயில் நுண்ணுயிரை அடக்கும் ஒரு பொருள், மனித உடலுக்குள்ளே ஒரு கொடிய நோயை மாற்றிவிடும் என்பதற்கு அதுவே சான்றாகாது. இவ்வேறுபாட்டை உணர்த்துவதற்குக் கேகாலை மாவட்டத்தின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

கேகாலை கண்ட பெருங்காய்ச்சல்

1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எந்நாளும் பெருகி ஓடும் களனி கங்கையும் மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் வற்றி, மணற்படுகைகளில் ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு இத்தகைய தெளிந்த குட்டைகளே ஏற்ற இடங்கள். வறண்ட வலயத்து மக்கள் மலேரியாவோடு பழகியவர்கள். ஈரவலயத்து மக்களின் உடம்போ அந்நோயை அவ்வளவாக அறியாதது. போதாக்குறைக்குப் பயிர் பொய்த்துப் பசியும் சேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய கொள்ளைநோய் 1935 முழுவதும் நீடித்தது. நோயுற்றோர் ஏறக்குறைய பதினைந்து இலட்சம் பேர் எனவும், இறந்தோர் ஏறக்குறைய 80,000 பேர் எனவும் கணக்கிடப்பட்டுள்ளது. மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்கள் கேகாலையும் குருநாகலும் ஆகும்.

அரிசியும் பருப்பும் கொயினா மருந்தும் கொண்டு சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைக் கிராமங்களுக்கு வந்தார்கள். அவர்களோடு வந்து தொண்டாற்றியவர் கலாநிதி என். எம். பெரேரா. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ருவான்வெல்லை மக்கள் அவரையே அரசாங்க சபைக்குத் தெரிவு செய்தார்கள். துன்பத்தில் வந்து நின்றவரை மறவாத மக்களின் நன்றிக்கு இது சான்று.

ஈண்டு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மரமஞ்சள் வளரும் மாவட்டங்களுள் ஒன்று கேகாலை. காய்ச்சலுக்குக் கசப்புக் கஷாயம் காய்ச்சும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. எனினும் அக்கொடி விளையும் மண்ணிலேதான் காய்ச்சல் மிகுதியான உயிர்களைக் கொண்டு சென்றது. உயிர் காத்த கொயினாவும் கசப்பானதே. அதுவும் மரத்திலிருந்து கிடைப்பதே. சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து பிரெஞ்சு அறிஞர் இருவர் 1820இல் அதனைப் பிரித்தெடுத்தனர். 1861இல் ஹக்கலையில் அம்மரத்தை நட்டு வளர்ப்பதற்கென்றே தோட்டமொன்று அமைக்கப்பட்டது. இரண்டும் காட்டுச் சரக்குகள், இரண்டும் கசப்பு. ஆனால் ஒன்று மலேரியாக் கிருமியை இரத்தத்தில் அழித்தது. மற்றொன்று அதனைச் செய்யும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. எனவே கசப்பு என்பது மருந்தின் அடையாளமாகலாம்; மருந்தின் ஆதாரமாகாது.

புகழ் யாருக்கு?

அவ்வாறாயின் காய்ச்சலுக்கு மரமஞ்சள் நல்லது என்ற எண்ணம் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது எவ்வாறு? காய்ச்சலின் இயல்பிலேயே இதற்கு விடை உண்டு.

தடிமனோடு வரும் காய்ச்சல் பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே விட்டுவிடும். இரண்டாம் நாள் கஷாயம் குடித்தவர் நான்காம் நாள் எழுந்து நடமாடினால், புகழ் கஷாயத்தைச் சேர்கிறது. முறைக்காய்ச்சலோ ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். காய்ச்சல் அடித்த நாளில் எதைக் கொடுத்தாலும் மறுநாள் உடம்பு குளிர்ந்திருக்கும். கொடுத்த பொருளுக்கு நற்பெயர் கிடைக்கும். இது கஷாயத்தின் வஞ்சகமன்று. காய்ச்சலின் கண்கட்டு வித்தை.

மலேரியா இன்று இலங்கையில் இல்லை. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளர் 2012இல் இனங்காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் அந்த வித்தையைக் காட்டுவதற்கு வேறு காய்ச்சல்கள் வந்துவிட்டன. 2017இல் மட்டும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. அந்நோயில் காய்ச்சல் தணியும் நேரமே ஆபத்தான நேரம். மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரையில் உடற்சூடு குறையும்போது சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். "கஷாயம் வேலை செய்துவிட்டது, காய்ச்சல் இறங்கிவிட்டது" என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் அந்த நேரத்திலேதான் நோயாளி வைத்தியசாலையில் இருத்தல் வேண்டும். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஒரு நாழிகையும் தாமதித்தலாகாது.

வயலிலும் மாணிக்கக் குழியிலும் சேற்றில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் மற்றோர் எதிரி. 2008இல் இலங்கையிலே 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகக் கருதப்பட்டது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தொடக்கத்திலேயே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் இது பெரும்பாலும் மாறிவிடும். நாள் சென்றாற் சிறுநீரகம் பழுதுபடும். சேற்றில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் கண்டால், தாம் செய்த தொழிலை வைத்தியரிடம் முதலிற் கூற வேண்டும்.

2020இல் கொரோனா பரவியபோது நாடெங்கும் கொத்தமல்லியும் வெனிவெல்லும் கொதித்தன. சூடான அக்குடிநீர் தொண்டைக்கு இதமளித்தது மெய்யே. அந்நோயை அது மாற்றியதென்று சொல்வதற்கு மட்டும் ஆதாரமில்லை.

ஏற்பும் பால்வெட்டுக் கத்தியும்

இறப்பர்த் தோட்டத்திலே பால் வெட்டும் கத்தி கையைக் கீறுவதும், புல்வெட்டும் கத்தி காலிற் படுவதும் நாளாந்த நிகழ்ச்சிகள். மண்ணிலும் சாணத்திலும் உறைந்து கிடக்கும் ஏற்புக் கிருமி காயத்தின் ஆழத்திற் புகுந்து நஞ்சை உண்டாக்குகிறது. தாடை பூட்டிக்கொள்ளும்; முதுகு வில்லாக வளையும்.

மரமஞ்சள் நீர் காயத்தின் மேற்புறத்தைக் கழுவ உதவலாம். நரம்பைத் தாக்கும் அந்த நஞ்சை அது தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. அதனைத் தடுப்பது 1924இல் பிரெஞ்சு விஞ்ஞானி ரமோன் உருவாக்கிய தடுப்பு மருந்தின் வழியே. இலங்கையில் 1961இல் குழந்தைகளுக்கு முக்கூட்டுத் தடுப்பூசியும், 1969இல் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்புத் தடுப்பூசியும் வழங்கத் தொடங்கியபின், பிறந்த குழந்தைகளை ஏற்பு கொன்ற காலம் மறைந்தது. ஆகவே காயம் பட்டால், சுத்தமான நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவியபின், ஏற்பூசி போட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை நினைவுகூர்ந்து தோட்ட டிஸ்பென்சரியில் விசாரிப்பதே முதற் கடமை.

யார் தவிர்க்க வேண்டும்?

மூலிகை என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. பேர்பரின் சத்து, பிறந்த குழந்தையின் இரத்தத்திலுள்ள மஞ்சட் பொருளை மூளைக்குச் செல்லவிடும் ஆபத்து உடையது. ஆதலால் பச்சிளங் குழந்தைகளுக்கு, சிறப்பாக மஞ்சள் நிறம் கண்ட குழந்தைகளுக்கு, மரமஞ்சளைக் கொடுத்தலாகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்த்தல் வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் இதனையும் குடித்தால் சர்க்கரை மட்டம் அளவுக்குமேல் இறங்கலாம். நாள்தோறும் வேறு மருந்துகள் உட்கொள்வோர் வைத்தியரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

கொடிக்கு வந்த நோய்

மனிதருக்கு மருந்தான கொடிக்கே இன்று நோய் வந்திருக்கிறது. மரமஞ்சளில் விலைபோவது இலையோ கனியோ அன்று, தண்டு. அதனைப் பெறுவதற்குக் கொடியை அடியோடு வெட்டுகிறார்கள். அது மிக மெதுவாக வளர்வது. தண்டு பருத்துப் பயன்தரப் பல்லாண்டுகள் செல்லும். விதையும் விரைவில் முளைப்பதில்லை. முன்னர்க் கூறியதை இங்கே நினைவு கூர்க: ஆண் கொடியை வெட்டிவிட்டால் அயலிலுள்ள பெண் கொடி உயிரோடிருந்தும் மலடாகிறது. வெட்டியது ஒரு கொடி. இழந்தது ஒரு பரம்பரை. தென்னிந்தியக் காடுகளில் இக்கொடி மிக அருகிவிட்டது. இலங்கையில் ஒதுக்கக் காடுகளில் இதனை வெட்டுதலும், அனுமதியின்றி வெளிநாட்டுக்கு ஏற்றுதலும் குற்றங்களாகும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. சிங்கராஜ வனத்தின் ஓரத்திலுள்ள பைன் தோப்புகளின் நிழலில், கித்துள், பிரம்பு, ஏலம் ஆகியவற்றோடு மரமஞ்சளையும் நட்டு வளர்க்கும் முயற்சியைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்கொண்டனர். காட்டுக்குள் சென்று களவாக வெட்டுவதற்குப் பதிலாக, நிழலுள்ள நிலத்திலே பயிரிட்டு எடுக்கும் நாள் வருமாயின், கொடியும் பிழைக்கும்; அதனை நம்பி வாழ்வோரும் பிழைப்பர்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டி காய்ச்சும் கஷாயத்தை ஏளனம் செய்தல் அறிவுடைமையன்று. அதன் பின்னே பல தலைமுறைகளின் கூர்ந்த பார்வை இருக்கிறது. அதற்காக அதன்மீது எல்லாப் பாரத்தையும் சுமத்துதலும் அறிவுடைமையன்று. தடிமனுக்கு அடுப்பிலே கஷாயம் கொதிக்கட்டும். காய்ச்சல் மூன்று நாள் நீடித்தாலோ, தணிந்தபின் நோயாளி தளர்ந்தாலோ, அடுப்பை அணைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். மரமஞ்சளுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அது செய்ய வல்லதை அதனிடம் கேட்பதும், அது செய்ய இயலாததை அதனிடம் எதிர்பாராதிருப்பதுமே.